வளையல் இல்லாத கை

சௌந்தர நிவாசம் முதியோர் இல்லம்,
அழகர்கோவில் சாலை, மதுரை.
12-7-1981

விருமாயிக்கு,

வார்டன் நாகலக்ஷ்மி எழுதுவது. நீ போய் ஒன்பது நாளாகிறது. போகிற அவசரத்தில் துணி அலமாரிச் சாவியை யாரிடமும் கொடுக்காமல் போய்விட்டாய். முப்பத்தோரு பேருக்கு மாற்ற வேண்டிய விரிப்பெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தோம். சாவி உன் முந்தியில் கிடந்தால் தபாலில் அனுப்பி வை.

இன்னொரு விஷயம். இதற்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாலாம்பாள் மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஸ்யாமளா தட்டை வைத்துவிட்டு வந்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வலது பக்கம் விழுந்துபோய், இரண்டு கண்ணும் பார்வை இல்லாதவருக்குத் தானாக எடுத்துச் சாப்பிட வராது என்பது எனக்கும் தெரியும். அதனால் ஊட்டச் சொன்னேன். ஸ்யாமளா ஊட்டினால் துப்பிவிடுகிறார். நீ ஏதோ ஒரு முறை வைத்திருந்தாய் போலிருக்கிறது. அது என்ன என்று எழுது.

நடந்ததைப் பற்றி மறுபடி பேச எனக்கு விருப்பமில்லை. தொட்டுக் கழுவுகிறவர்கள் சாப்பாட்டுத் தட்டைத் தொடக்கூடாது என்பது இந்த இல்லம் தொடங்கின நாளிலிருந்து இருக்கிற விதி. என் கையெழுத்தில் சமையற்கட்டு வாசலில் தொங்குகிறது. நாலு வருஷம் அந்த வாசல் பக்கமாகப் போய் வந்தவள், அது கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. மாமியின் பிள்ளை ராஜாராமன் பம்பாயிலிருந்து வந்து நிற்கிறார். நீ அவர் அம்மாவுக்குச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கிறாய். அவர் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அன்றைக்கே உன்னை அனுப்பியதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினால் கமிட்டி முன்னால் வைக்கிறேன். நீ வேலை தெரிந்தவள் என்பதை நான் மறுக்கவில்லை.

நாகலக்ஷ்மி


டி. கல்லுப்பட்டி வழி
19-7-1981

டீச்சரம்மாவுக்கு விருமாயி வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் மருது அண்ணனும் மாசமாக இருக்கும் மதினியும் இருக்கிறோம். சுகமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்த ஊர் ஆசிரமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள் நான். பேசுகிற மாதிரி எழுதினால் அங்கே காதைத் திருகுவார்கள். அதனால் இந்தக் கடுதாசியை ஆள் வைத்து எழுதினேன் என்று நினைக்க வேண்டாம்.

சாவி என் முந்தியில் இல்லை. சமையற்கட்டு வாசலில் உங்கள் விதி எழுதின அட்டை தொங்குகிறதே, அதே ஆணியில், அட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. அந்த வாசலுக்கு உள்ளே வரக்கூடாது என்பதால் நான் எட்டின மட்டும் அங்கேதான் நாலு வருஷமும் மாட்டினேன். அட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் பூட்டை உடைத்திருக்க வேண்டாம்.

மாமி விஷயம். அவர்களைப் பட்டினி போட எனக்கு மனசு வராது, அதனால் எழுதுகிறேன். மாமியைப் படுக்க வைத்து ஊட்டக்கூடாது. முதுகுக்கு ரெண்டு தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள், வலது பக்கம் வாய் செத்துப்போய்க் கிடக்கிறது. ரசம் சாதத்தை நன்றாகக் குழையப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, இடது கன்னத்துக்குள் வைக்க வேண்டும். வைக்கும் முன்னால் என்ன சாப்பாடு என்று சொல்லுங்கள். கண் தெரியாத மனுஷி வாயில் சொல்லாமல் எதையும் திணிக்கக்கூடாது. விழுங்கியாச்சா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஸ்யாமளாக்கா பத்து நிமிஷத்தில் முடிக்கப் பார்க்கும். அதுதான் துப்புறாங்க.

மன்னிப்புக் கடுதாசி நான் எழுதப்போவதில்லை. என்ன தப்பு என்று எழுதுவது? பசித்தவருக்குச் சோறு போட்டேன் என்றா? அம்புட்டுப் பேரையும் கூட்டி வைத்து, இவள் கை என்ன கை தெரியுமா என்று அந்தப் பிள்ளை கேட்டாரே, அப்போது நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு அது மறக்கவில்லை.

விருமாயி


மதுரை
28-7-1981

விருமாயிக்கு,

சாவி கிடைத்தது. நீ எழுதியபடியே ஸ்யாமளாவை உட்கார வைத்துச் செய்யச் சொன்னேன். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவதுக்கு மாமி பல்லை இறுக்கிக்கொண்டுவிட்டார். ஸ்யாமளா இரண்டு நாள் பொறுத்தாள், மூன்றாம் நாள் எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று எழுந்துவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது, பரிமாறத்தான் அவளை வேலைக்கு எடுத்தோம்.

நீ போனபின் கழுவுகிற பெண்களில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஏழு பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். ஆரப்பாளையத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தேன், இரண்டாம் நாள் மத்தியானம் சொல்லாமல் போய்விட்டாள். நாற்றம் தாங்கவில்லை போலும். சுப்பராமன் மாமாவுக்கு இடுப்பில் புண் வந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைக்க யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நானே போய்ப் புரட்டினேன், என் முதுகு பிடித்துக்கொண்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டின உடம்பு இது.

நீ உன் கோபத்தை எழுதினாய். என் கோபத்தையும் கேள். நீ விதியை மீறினதுகூட எனக்குப் பெரிதில்லை. மாமி மடி ஆசாரத்தோடு வாழ்ந்தவர். பச்சைத் தண்ணீர்கூட வெளியில் குடிக்காதவர். கண் தெரியாத அவரை, யார் கை என்று தெரியாமல் சாப்பிட வைத்தாயே, அது ஏமாற்று இல்லையா? அன்று எல்லோர் முன்னாலும் உங்களுக்கு ஊட்டினது யார் என்று தெரியுமா மாமி என்று கேட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. அந்த அதிர்ச்சியில்தான் இப்போது சாப்பாட்டையே வெறுக்கிறார் என்று நினைக்கிறேன்.

ராஜாராமனுக்கு ஒரு வரி எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாகலக்ஷ்மி


டி. கல்லுப்பட்டி வழி
5-8-1981

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடுதாசியைப் படித்துவிட்டு நாலு நாள் கடலைக் காட்டில் களை எடுத்தேன். கோபம் தணியும் என்று பார்த்தேன், தணியவில்லை. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று மாமியின் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் ஒன்று இருக்கிறது. இப்போது அதை உடைக்கிறேன். பாவம் என்னோடு போகட்டும்.

மாமிக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து தெரியும்.

போன ஐப்பசியில் மாமி வந்து பதினைந்து நாள் இருக்கும். அடிதுணி மாற்றப் போனேன். பக்கத்தில் தட்டில் சோறு காய்ந்துபோய்க் கிடந்தது. சாப்பிடலையா என்றேன். தானாக எடுத்ததில் பாதி தரையில், பாதி சேலையில் சிந்தியிருந்தது. நான் சொன்னேன், ஸ்யாமளாக்காவைக் கூப்பிடுறேன், நான் தட்டைத் தொடக்கூடாது, நான் கழுவுறவ என்று. மாமி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள்.

"யார் கையா இருந்தா என்னடி. எனக்குப் பசிக்கிறது" என்றார்கள்.

அன்றைக்கு ஊட்டினேன். மறுநாள் அவர்களே ஏற்பாடு சொன்னார்கள். என் கண்ணாடி வளையல் சத்தம் எதிர்க் கட்டிலுக்குக் கேட்கும், கழற்றி வைத்துவிட்டு வா என்றார்கள். திரையை இழுத்து விடச் சொன்னார்கள். ராஜாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்றார்கள். சின்ன வயசில் கதிரறுவாள் பட்டு என் சுண்டுவிரல் மடங்காது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊட்டும்போது அது அவர்கள் தாடையில் இடிக்கும். விருமாயி விரல் இடிக்கிறது, சாதம் வந்துடுத்து என்று சிரிப்பார்கள். ஒன்பது மாசம் டீச்சரம்மா. ஏமாற்றினாள் என்று எழுதிவிட்டீர்களே.

அன்றைக்கு நீங்கள் கேட்டபோது மாமி வாய் திறக்கவில்லை. நானும் பார்த்தேன், சொல்லுவாங்க, இப்பச் சொல்லுவாங்க என்று. சொல்லவில்லை. எனக்கு உங்கள் மேல் வந்ததைவிட அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. அதனால்தான் அவர்களிடம் போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். கண் தெரியாதவரிடம் சொல்லாமல் வருவது, சொல்லாமல் சோற்றைத் திணிப்பது மாதிரிதான். இங்கே வந்தபிறகுதான் அது உறைத்தது.

ஆரப்பாளையத்துப் பிள்ளை நாற்றத்துக்கு ஓடவில்லை. அந்த வேலைக்கு வருகிறவள் நாற்றம் தெரிந்துதான் வருவாள். அவளுக்கு எங்கே சோறு போட்டீர்கள்? பின்வாசல் படியில், எட்ட நின்று, தூக்கிப் போட்டிருப்பார்கள். காலையில் ஒருத்தரை மடியில் சாய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, மத்தியானம் அந்தப் படியில் உட்கார்ந்து பாருங்கள். நானும் முதல் வாரம் ஓடத்தான் பார்த்தேன்.

நம்பிக்கை இல்லையென்றால் மாமியையே கேளுங்கள். கூட்டம் கூட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்.

விருமாயி


மதுரை
16-8-1981

விருமாயி,

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். மாமி ரொம்ப நேரம் அழுதார். பிறகு, அவ போனது என்னாலதான் என்றார். ராஜாவுக்கு எழுதிவிடாதே என்று என்னையும் சத்தியம் கேட்டார். கொடுத்தேன். நேற்று ஆடித் தேர், சாலை முழுக்க அழகர்கோவிலுக்குப் போகிற வண்டியும் கூட்டமும் சத்தமும். அதற்கு நடுவில் மாமி சொன்ன இன்னொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. அவ வருவாளா என்று கேட்டார்.

உன்னைச் சத்தியத்தை உடைக்க வைத்தேன். பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

எனக்கும் தெரியும், விருமாயி.

மார்கழியில் ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் வந்தேன். திரை சரியாக மூடியிருக்கவில்லை. நீ ஊட்டிக்கொண்டிருந்தாய். மாமி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இல்லத்துக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டேன். மாதா மாதம் எடை எடுக்கிறோம் இல்லையா, வரும்போது முப்பத்துநாலு கிலோ, பங்குனியில் முப்பத்தொன்பது. டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் தலையை ஆட்டினேன். நீ செய்தது எனக்கு வசதியாக இருந்தது. விதியும் தொங்கிக்கொண்டிருந்தது, மாமியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், என் தலைவலி குறைந்தது. ராஜாராமன் வந்து நின்றதும் எதுவுமே தெரியாதவள் மாதிரி உன்னை வெளியே போகச் சொன்னேன். அன்று நான் ஏன் தரையைப் பார்த்தேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

மாமிக்கு உடம்பு வற்றிக்கொண்டே போகிறது. கஞ்சித் தண்ணீர்தான் உள்ளே போகிறது. மன்னிப்புக் கடுதாசி எதுவும் வேண்டாம். கமிட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. விருமாயி வருகிறாள் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன்.

நாகலக்ஷ்மி


டி. கல்லுப்பட்டி வழி
24-8-1981

டீச்சரம்மாவுக்கு,

தெரிந்துகொண்டேதான் செய்தீர்களா? தெரியாமல் செய்தீர்கள் என்று நினைத்த வரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது அதுக்கும் மேலே ஒன்று, என்ன என்று எழுதத் தெரியவில்லை. என்னை நாலு பேர் முன்னால் நிற்க வைத்தபோது, பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டாம். மெதுவாக, சரி நீ போ, அப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருந்தால் போதும்.

மதினிக்குப் பிள்ளைப்பேறு. வீட்டில் வேறு பொம்பளை ஆள் இல்லை. நினைத்த நேரத்தில் கூப்பிட்டதும் ஓடிவர முடியாது. ஆவணி கடைசியில் பார்க்கலாம். மாமியிடம் வருவாள் என்று சொல்லுங்கள்.

விருமாயி


மதுரை
9-9-1981

அன்புள்ள விருமாயி,

உன் ஆவணி கடைசி வரை மாமி இருக்கவில்லை. போன வியாழக்கிழமை, மூன்றாம் தேதி, விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். தந்தி கொடுக்கலாமா என்று நினைத்தேன். நீ வந்து முகம் பார்க்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், எதற்கு உன்னை அலைய வைப்பது என்று விட்டுவிட்டேன். அதுவும் சரியோ தவறோ தெரியவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே எனக்கு அது தெரிவதில்லை.

ஒன்று சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். உனக்கு ஆறுமா என்று தெரியாது.

உன் கடிதம் வந்த பிறகு மாமி தினமும் வந்துட்டாளா என்று கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். மூன்றாவது நாள் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் கையில் கிடந்த ஒற்றைப் பொன் வளையலைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். ரசம் சாதத்தை நீ எழுதினபடி குழையப் பிசைந்தேன். திரையை இழுத்து விட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். நெல்லிக்காய் அளவு உருட்டிக் கன்னத்துக்குள் வைத்தேன். என் வாழ்நாளில் இன்னொருத்தர் வாயில் விரல் வைத்து நான் சோறு ஊட்டினதில்லை. எனக்குக் குழந்தை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மாமி மென்றார். விழுங்கினார். கொஞ்சம் பொறுத்து, "விருமாயியா?" என்று கேட்டார்.

நான் "உம்" என்றேன்.

அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது வாய் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. ஐந்து நாள் ஊட்டினேன். ஒரு நாளும் மறுபடி உன் பேரைச் சொல்லவில்லை, வந்துட்டாளா என்றும் கேட்கவில்லை. வந்துவிட்டாய் என்று நம்பிவிட்டார். யார் கை என்று சொல்லாமல் கண் தெரியாதவரை ஏமாற்றினாய் என்று உனக்கு எழுதினவள் நான். கடைசியில் அதைச் செய்ததும் நான்.

ராஜாராமன் வந்தார். கடைசி நாட்களில் அம்மா சாப்பிட்டாளா, யார் ஊட்டினா என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். ஒன்பது மாசம் ஊட்டினவளைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. மாமிக்குக் கொடுத்த சத்தியத்தை நினைத்து நிறுத்தினேன் என்று எழுதலாம். பயந்துதான் நிறுத்தினேன்.

விதி அட்டையை மாமி போன மறுநாளே கழற்றிவிட்டேன். குளிப்பாட்டுகிறவர்களே ஊட்டலாம், எல்லோருக்கும் கூடத்தில் ஒரே பந்தி என்று சொல்லிவிட்டேன். ஸ்யாமளா அன்றைக்கே நின்றுவிட்டாள். கமிட்டியில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. புதிதாக ஆறு பெண்கள் வந்திருக்கிறார்கள். எல்லாம் பயந்த பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. உன் ஜூலைக் கடுதாசியில் ஊட்டும் முறை எழுதின பத்தியை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்தி, இதை எழுதினவங்க எங்கேம்மா என்று கேட்டாள்.

நீ வர வேண்டும். ஆயாவாக இல்லை. இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளாக. வர மாட்டேன் என்றாலும் உன் மேல் எனக்கு வருத்தமில்லை.

நாகலக்ஷ்மி


டி. கல்லுப்பட்டி வழி
17-9-1981

டீச்சரம்மாவுக்கு விருமாயி எழுதுவது.

உங்கள் கடுதாசியை மருது அண்ணன் முன்னால்தான் படித்தேன். ஏன் அழுகிற என்றார். சோறு ஊட்டின ஒரு அம்மா செத்துப்போச்சு என்றேன். நீ ஊட்டினதா, அவங்க ஊட்டினதா என்று கேட்டார். எழுந்து போய்விட்டேன்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கு நான் எழுதின அன்றைக்கு மதினிக்குப் பிள்ளை பிறந்து நாலு நாளாகியிருந்தது. சுகப்பிரசவம். மதினியின் அம்மாவும் வந்து இருந்தார்கள். நான் அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். நீங்கள் இன்னும் ரெண்டு கடுதாசி எழுதிக் கெஞ்சட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். உங்களைக் காக்க வைப்பதாக நினைத்து மாமியைக் காக்க வைத்துவிட்டேன். இதை நான் செத்தாலும் மறக்கப்போவதில்லை.

மாமியை ஏமாற்றிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வளையலைக் கழற்றி வைக்கத் தெரிந்த உங்களுக்கு என் சுண்டுவிரல் ஞாபகம் வரவில்லை. உங்கள் விரல் அவர்கள் தாடையில் இடித்திருக்காது. முதல் வாயிலேயே மாமிக்குத் தெரிந்திருக்கும் அது என் கை இல்லை என்று. அதனால்தான் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் உம் என்றதும் விட்டுவிட்டார்கள். அதுக்குப்பிறகு என் பேரைச் சொல்லவேயில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு அது புரியவில்லையா? நான் வரமாட்டேன் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்துபோயிருக்கும். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று ஐந்து நாளும் சாப்பிட்டிருக்கிறார்கள். என் விஷயத்தை ஒன்பது மாசம் வெளியே விடாமல் வைத்திருந்தவர்களுக்கு உங்கள் விஷயத்தை வைத்திருக்க முடியாதா?

இது உங்களுக்கு ஆறுதலா, இன்னும் வலியா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ரெண்டுமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வாரேன். அந்த ஆறு பிள்ளைகளையும் எங்கும் போக விடாதீர்கள். மாமியின் கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு அப்படியே போட்டு வையுங்கள். அதில் வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும், ஒருத்தர் ஊட்ட வேண்டும். அடுத்து என்ன வாயில் விழப்போகிறது, யார் கை வரப்போகிறது என்று தெரியாமல் படுத்துக் கிடந்து பார்த்தால்தான் இந்த வேலை புரியும். பிள்ளைகள் முதலில் கூச்சப்படும். ஒருத்தர் செய்து காட்டிவிட்டால் அதுக்கப்புறம் தானாகப் பழகிவிடும்.

அதனால மொதல்ல நீங்க படுங்க, டீச்சரம்மா. அம்புட்டுப் பேரும் பாக்கட்டும். நான் ஊட்டுறேன்.

விருமாயி